ஆனேக்கல் கொட்டகை: மூலிகைத் தீவன நாட்குறிப்பு

ஜூலை 22
கறிக்கோழித் தீவனத்தில் கலக்கப் பூண்டு உலர்த்தல். ஆடிக் காற்று எவ்வளவு அடித்தாலும் பெங்களூரில் இந்த மாதம் வெயிலை நம்ப முடியாது. நிழலில் பரப்பிய பூண்டுச் சீவலில் மூன்றாம் நாளே பூஞ்சை பூத்துவிடும். அதனால் தட்டு உலர்த்தியில், 50 டிகிரியில். 60-ஐத் தாண்டவிடக் கூடாது. நசுக்கும்போது பூண்டின் காரத்தை உண்டாக்கும் நொதி அந்தச் சூட்டில் வீணாகிவிடும், மிஞ்சுவது வெறும் மாவு. சீவலை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் மறுபடி உள்ளே. மூன்று கிலோ பச்சைப் பூண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தூள் தேறும்.

ஜூலை 25
ஈரோட்டு மஞ்சளை விரலியாகவே வாங்கி அரைத்தாயிற்று. பளபளவென்று மின்னும் பாலிஷ் விரலி வேண்டவே வேண்டாம். லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தை ஏற்றுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அந்த ஈயம் கோழியின் உடம்பில் தங்கி நம் இலைக்கே வந்து சேரும். தூளாக வாங்குபவர்கள் ஒரு சிட்டிகையைத் தம்ளர் நீரில் போட்டுப் பார்க்கலாம். தூள் அடியில் படிந்து நீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. நீர் முழுக்க அடர்மஞ்சள் ஏறினால் அது சாயம்.

ஜூலை 30
100 கிலோ தீவனத்துக்கு மஞ்சள் 500 கிராம், பூண்டு 400, மிளகு 100. மிளகிலுள்ள பைப்பரின் இல்லாவிட்டால் மஞ்சளிலுள்ள குர்குமின் குடலிலிருந்து உடம்புக்கு அதிகம் ஏறாது. வேப்பிலைத் தூள் சேர்க்கவில்லை. அளவு கொஞ்சம் கூடினாலும் கசப்புக்குக் கோழி தீனியைக் குறைத்துவிடும், எடை போய்விடும்.

ஒரு கிலோ தூளை நேரே 100 கிலோவில் கொட்டினால் சீராகக் கலக்காது. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, நாலுக்கு நாலு என்று மக்காச்சோள மாவோடு எட்டு கிலோ வரை பெருக்கி, அதன் பிறகுதான் டிரம் மிக்ஸரில் 15 நிமிடம். மேல், நடு, அடி என மூன்று பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலவையின் யோக்கியதை கண்ணுக்கே தெரியும். குருணையாக அடிக்கும் ஆலைக்கு இதை அனுப்பவில்லை. 80 டிகிரி நீராவியில் மணமெண்ணெயில் ஒரு பங்கு பறந்துவிடும்.

ஆகஸ்ட் 2
குஞ்சுகள் இறங்கின. 200, ஒரே பொரிப்பகம், ஒரே நாள். 100-க்கு மூலிகைத் தீவனம், 100-க்கு வெறும் தீவனம், நடுவில் வலை. கொட்டகையை நீளவாக்கில் பிரித்தால் ஒரு கூட்டம் முழுக்கச் சாரல் பக்கம் மாட்டிக்கொள்ளும்; குறுக்கே பிரித்தால் இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே திரை. குஞ்சுக்குச் சூடு தரும் புரூடரின் கீழ் 33 டிகிரி.

ஆகஸ்ட் 5
தீவனத் தட்டின் அடியில் மஞ்சள் மாவு மெல்லிய ஏடுபோல் தங்கியிருக்கிறது. குஞ்சு சோள நொய்யைப் பொறுக்கித் தின்று, பொடியை அப்படியே விட்டுவிடுகிறது. கணக்கில் கிலோவுக்கு 5 கிராம் மஞ்சள், வயிற்றுக்குள் போவதோ அதைவிடக் குறைவு. திருத்தம்: உலர்கலவை முடிந்ததும் 100 கிலோவுக்கு ஒரு கிலோ எண்ணெயைத் தெளித்து இன்னும் ஐந்து நிமிடம் சுற்றுவது. எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் தூள் உருண்டை பிடிக்கும். வெறும் தீவனத்துக்கும் அதே எண்ணெய், அதே அளவு. இல்லையென்றால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. தட்டு காலியான பிறகே அடுத்த தீனி.

ஆகஸ்ட் 16
கம்போரோ என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பு மருந்து, குடிநீரில். குளோரின் கலக்காத நீர், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். பூண்டுச் சாறோ வேறு கஷாயமோ இன்று தண்ணீரில் கூடாது. உயிருள்ள தடுப்பு மருந்தை எதுவும் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஆகஸ்ட் 21
மூன்று நாளாகத் தூறல். ஒரு பிடி உமிக் கூளத்தை இறுக்கிக் கையைத் திறந்தால் உதிர வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே மட்டும் கொழுக்கட்டைபோல் பிடித்தபடி நின்றது. ஈரக் கூளத்தை அள்ளி வெளியே போட்டு, புது உமி பரப்பி, குழாயின் உயரமும் ஏற்றியாயிற்று. ரத்தக் கழிச்சல் தலைகாட்டும் வயது இது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியோடு வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது, இந்தியா 2019-ல் கால்நடைக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடுத்தது; மூலிகையை நாடுவதற்கு வலுவான காரணங்கள்தான். ஆனால் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் மஞ்சளைக் கூட்டிப் பார்ப்பது கோழியைக் கொல்வதற்குச் சமம். அன்றே கால்நடை மருத்துவர், அன்றே மருந்து.

செப்டம்பர் 5
நாளை 35-ஆம் நாள், எடை. தட்டில் மிஞ்சும் தீவனத்தை நிறுத்துக் கழிக்க வேண்டும், இறந்தவற்றின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூலிகைத் தூள் கிலோ 200 ரூபாய், தீவனம் 40 ரூபாய் என்று வைத்தால், மூலிகை சேர்த்த தீவனம் கிலோ 41.60. இரண்டு கிலோ கோழி 3.2 கிலோ தின்றால் வெறும் தீவனத்தில் செலவு 128 ரூபாய். அதே 128-க்குள் அடங்க மூலிகைக் கோழி 3.08 கிலோவுக்குள் அந்த எடையை எட்ட வேண்டும், அதாவது எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம்) 1.60-லிருந்து 1.54-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த பேட்சில் முதலில் குறைக்க வேண்டியது பூண்டை; விலையில் பாரம் அதில்தான்.