என்ன ஊசிங்க சார் போட்டீங்க?

"என்ன ஊசிங்க சார் போட்டீங்க?"

இதுதான் அவர் கேட்டது. சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, எட்டு மணி பஸ் போயிருச்சா என்று விசாரிக்கிற மாதிரி கேட்டார். நானும் அதே மாதிரிதான் சொன்னேன்.

"எப்பவும் போடறதுதான்."

நீலகிரி அடிவாரத்துச் சீகூர்ப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அவர் வேட்டைத் தடுப்புக் காவலர். எந்தப் பட்டியில் மாடு செத்தாலும் என்னிடம் வந்து இதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். பாறுகளுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளுக்கு, ஆகாத வலிமருந்து ஏறாத மாடு என்றால் ஓடையோரம் அவற்றுக்கு விட்டுவிடலாம். ஏறிய மாடு என்றால் குழி தோண்ட ஆள் பார்க்க வேண்டும். யாரும் உத்தரவு போட்டு வந்த முறை இல்லை இது. அவரும் நானும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசி ஏற்படுத்திக்கொண்டது. அப்படி ஆகாத மருந்துகளில் ஒன்றான நிமெசுலைட் என்ற பெயரை அவருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஊசியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெரிய உறுத்தல் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செத்த மாட்டுக்கு முந்தின நாள் கடுமையான மடிவீக்கம். மடி கல்லாக இறுகிக் கிடந்தது. காம்பைப் பிழிந்தால் தயிர்த் தண்ணீர் மாதிரி, நடுவில் ரத்தக் கோடு. காய்ச்சல் 106 டிகிரி. தொட்டால் உதைக்கத் தெம்பில்லை, தோல் மட்டும் சிலிர்த்து அடங்கியது. கூப்பிட வேண்டிய நேரத்துக்கு இரண்டு நாள் தள்ளித்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆன்டிபயாடிக் போட்டேன், குளுக்கோஸ் ஏற்றினேன். மாட்டுக்கார அம்மா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொழைக்குமான்னு கேக்கல சாமி. வலிய மட்டும் எடுத்து வுடு. போறதுன்னா அப்பறம் போகட்டும்" என்றார்.

வலிக்கு என் பையில் இருந்திருக்க வேண்டியது பாறுகளுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம். கடைசிப் புட்டியை அன்று காலையில் ஒரு ரிசார்ட்டுக் குதிரைக்குக் காலி செய்திருந்தேன். முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்த குதிரை, ஒரு நாள் ஓய்வு கொடுத்தாலே சரியாகியிருக்கும். முதலாளி பக்கத்தில் நின்றார், போட்டேன். அடுத்த சரக்கு வர ஒரு வாரம். பையின் அடியில் மருந்துக் கம்பெனிப் பையன் சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போன நிமெசுலைட் கிடந்தது. வாங்கும்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிய பிறகு தூக்கி எறிந்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் மூன்று மாதம் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறேன்.

பத்து மி.லி. போட்டேன். அரை மணி நேரத்தில் முக்கல் அடங்கி, மாடு தாடையைத் தரையில் வைத்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விடிவதற்குள் மாடு செத்துவிட்டது.

சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தைப் போடக் கூடாது என்று 2006-லேயே சொல்லிவிட்டார்கள். மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்கு ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததும், 2015-ல் அதையும் 3 மி.லி. அளவுக்குச் சுருக்கினார்கள். அதே மாதிரி வலிமருந்துகளான கெட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-ல் மாட்டுக்குத் தடையாயின. நான் சொல்லும் சம்பவம் அதற்கு அடுத்த குளிர்காலத்தில் நடந்தது. நிமெசுலைட்டுக்குத் தடை வந்தது 2024 முடிகிற நேரத்தில். ஆக, அன்றைக்கு என் கையில் இருந்தது கடையில் விற்கிற, தடையில்லாத மருந்து.

ஆனால் அது பாறுகளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். படித்திருந்தேன். தடை வருகிறவரை தெரியாத மாதிரி இருக்கலாம் என்பது குமாஸ்தாவுக்குப் பொருந்தும், டாக்டருக்குப் பொருந்துமா?

என்ன நடக்கிறது என்பதை நான் பாறில் பார்த்ததில்லை, கோழியில் பார்த்திருக்கிறேன். படிக்கிற காலத்தில் ஒரு பண்ணைக் கோழியை அறுத்துக் காட்டினார்கள். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்புப் பொடி தூவின மாதிரி வெள்ளைப் பூச்சு. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. சிறுநீரகம் நின்றுபோனதும் யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உறைகிற கதை. இந்த மருந்துகள் ஏறிய இறைச்சியைத் தின்ற பாறுக்கும் இதுதான். சில நாளில் தலை தொங்கிப்போய்க் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும், பிறகு விழும். 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருஷத்துக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு வந்தது இப்படித்தான். அதற்கு எல்லா மாட்டிலும் மருந்து இருக்க வேண்டியதில்லை, நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே போதும் என்று 2004-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரே பிணத்தில் கூட்டமாக இறங்கித் தின்கிற சாதி. வருஷத்துக்கு ஒரே முட்டை.

அந்த நூற்றில் ஒன்று யாரோ ஒருவர் போட்ட ஊசி என்றுதான் கூட்டங்களில் பேசுவோம்.

என் அம்மாவிடம் ஒருமுறை போனில் பாறு என்றேன், புரியவில்லை. பிணந்தின்னிக் கழுகு என்றதும், "சீ, அதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்றார். சின்ன வயதில் திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளைக்குச் சர்க்கரைப் பொங்கல் தின்ன வந்த இரண்டு கழுகுகளைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டவர் அவர். அதுவும் பாறுதான், மஞ்சள்முகப் பாறு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இப்ப வர்றதில்லையாமே" என்றார்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. காவலர் கேட்டபோது மணி ஏழரை இருக்கும். மாடு கொட்டகையைத் தாண்டவில்லை. பாறுகள் வெயில் ஏறி, காற்று சூடான பிறகுதான் மேலே எழும். ஒன்பது, பத்து ஆகிவிடும். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. அவர் நாலு பேரைக் கூட்டி வந்து புதைத்திருப்பார். என்னை ஒரு சொல் திட்டியிருக்கக்கூட மாட்டார், அது அவர் சுபாவம் இல்லை.

பின்னே ஏன் சொல்லவில்லை? பல நாள் பல பதில் வைத்திருந்தேன். குழி வெட்டுகிற கூலி அந்த அம்மா தலையில் விழும், பாவம் என்று நினைத்தேனாம். பொய். கூலியை நானே கொடுத்திருக்கலாம், முந்நூறு ரூபாய்க்கு வழியில்லாதவன் இல்லை. தூக்கக் கலக்கம் என்றும் சொல்லிக்கொண்டேன். அதுவும் இல்லை. அவர் அன்று சந்தோஷமாக இருந்தார். "ரெண்டு வாரமா அதுகளுக்கு ஒண்ணுமே வாய்க்கலைங்க சார். மரத்துல குஞ்சு வேற இருக்குது" என்றார். மாயாற்றுக் கரை நீர்மருதில் கூடுகள் இருந்தன. அந்த முகத்துக்கு எதிரே, அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனாகிய நான், அதே மருந்தைப் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இன்னொன்றும் இருக்கலாம்: முந்தின நாளே சிகிச்சைப் பதிவேட்டில் மருந்தின் பெயரை எழுதாமல் 'வலி நிவாரணி 10 மி.லி.' என்று எழுதி வைத்திருந்தேன். எழுதும்போதே ஒளிக்க ஆரம்பித்திருக்கிறேன், காலையில் வந்த வார்த்தை அதன் தொடர்ச்சி.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனேன். விலா எலும்பு வெள்ளையாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுற்றிப் பாறைகளில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி எச்சம், மண்ணில் நீளமான கருப்பு இறகுகள். நாய்த் தடமும் இருந்தது. எத்தனை பாறு இறங்கியது என்று அவரிடம் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்: "பதினாலு எண்ணினேங்க சார்." அந்தக் குளிர்காலத்துக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றுக்கும் சேர்த்தே 320 பாறுகள்தான். பதினாலை 320-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஏன் வகுத்தேன் என்று தெரியவில்லை.

செத்த பாறு எதுவும் கிடைக்கவில்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வாரங்களில் கூடு இருந்த மரங்களை ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குஞ்சு வளர்ந்தது, தாயும் தகப்பனும் வந்து போயின. ஒரு கூடு மட்டும் இடையில் காலியானது. காலியாவதற்கு நூறு காரணம் உண்டு. காட்டில் விழுந்த பறவையைப் பன்றியோ கழுதைப்புலியோ விட்டு வைக்காது என்பதும் உண்மை. பரிசோதனைக்கு அனுப்ப என்னிடம் ஒரு துண்டு ஈரல்கூட இல்லை. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த மாட்டில் மருந்து எப்படிப் பரவியிருக்கும், தின்ற பாகத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். சில நாள் கணக்கு எனக்குச் சாதகமாக வரும், சில நாள் வராது.

நண்பர் ஒருவர், அவரும் மாட்டு டாக்டர்தான், கேட்டுவிட்டுச் சிரித்தார். "வலியில கெடக்கற மாட்டுக்கு மருந்து போட்டதுக்கு வருத்தப்படறியா?" என்றார். இல்லை, அதற்கில்லை என்றேன். பேச்சை மாற்றிவிட்டார். அந்த அம்மாவின் கையும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு அதே கொட்டகை, அதே காலிப் பை என்றால் போட மாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. போட்டுவிட்டுச் சொல்வேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதுகூடச் சொல்லிப் பார்க்கிறதுதான்.

இப்போது மெலாக்சிகாம் இரண்டு புட்டி தனியாக, குதிரைக்காரர்கள் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். மாடு வைத்திருப்பவர்களுக்குக் கூட்டம் நடத்துகிறோம். ஆள் கூட்டி வருவது அந்தக் காவலர், பேசுவது நான். போன மாதக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் கதை என்று இதைச் சொன்னேன். ஊசி, காலை, கேள்வி எல்லாம் சொன்னேன். ஊரையும் மாட்டையும் மட்டும் மாற்றினேன். நன்றாகக் கேட்டார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்கினார்.

"அப்பறம் அந்த டாக்டரு போயி ஒத்துக்கிட்டாருங்களா?"

காவலர் கடைசியில் கதவோரம் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தெரியலைங்க" என்றேன்.

அவர் முன் வரிசையிலிருந்து டீ கொடுக்க ஆரம்பித்தார்.