சாயத்தின் விலை

மனிதர் ஒருவரையொருவர் எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பதை, எந்தச் சொற்பொழிவையும்விட நொய்யல் ஆறுதான் எனக்குத் தெளிவாக உணர்த்தியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அணியப்படும் பின்னலாடைகளுக்காகத் திருப்பூரின் சாயப்பட்டறைகள் உப்பை மூட்டை மூட்டையாகக் கரைத்தன; பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், ஆனால் அது துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறிவிடும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவில் அந்தக் கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. அதற்குக் கீழே கிணறுகள் உவர்த்தன, வயல்களில் உப்புப் பூத்தது, தென்னைகள் கருகின. உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, சாயத்தோடு எந்தத் தகராறும் இல்லாத, பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்திருந்த கூலித் தொழிலாளர்களும் வேலையிழந்தனர்.

கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இன்று இருக்கிறது என்றாலும், அதற்கு ஆகும் மின்சாரமும் பணமும் கொஞ்சநஞ்சமல்ல. வெளிநாட்டு வணிகர்களோ (நாமும்தான்) விலையைக் குறைக்கவே பேரம் பேசுகிறோம். தள்ளுபடிக் குவியலில் கை வைக்கும்போதெல்லாம், குறைந்த அந்த ரூபாயை யார் கட்டியிருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன்; பெரும்பாலும் வாங்காமலே திரும்பிவிடுகிறேன்.