காலிஃபிளவரைப் பிழிந்த கதை

அரையாண்டு லீவு விட்ட மூன்றாம் நாள் பெரியவள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ காலிஃபிளவரைத் துருவி, வட்டமாகத் தட்டிச் சுட்டு, உள்ளே எதையோ வைத்து மடித்துச் சாப்பிடுகிறார்கள், மாவு ஒரு சிட்டிகை கூட இல்லை. "அப்பா, நாமளும் பண்லாம்பா." மனைவி ஆபீஸ் போய்விட்டாள், நான் லீவில் இருக்கிறேன், அடுப்படி காலி. சரி என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த எங்கம்மா, பிள்ளைகளுக்கு ஆயா, அங்கிருந்தே கேட்டார்: "மாவே இல்லாம இன்னாடா ரொட்டி? அடைன்னு சொல்லிட்டுப் போயேன்."

அதன் பெயர் டார்ட்டியா. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துத் தட்டுவார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் தோல் கழன்று மாவு ஒட்டிப் பிடிக்கும். இதை நான் சொன்னதும் அம்மா கையிலிருந்த டப்பாவைக் காட்டி, "இந்தச் சுண்ணாம்பா?" என்றார். ஏறக்குறைய அதுதான். ஸ்பெயினில் போய் டார்ட்டியா கேட்டால் உருளைக்கிழங்கு போட்ட தடிமனான முட்டை ஆம்லெட் வரும், அதிலும் மாவு கிடையாது. ஆக நாங்கள் செய்தது ஊர் மாறிப்போன பண்டம் ஒன்றும் இல்லை.

முதல் நாள் பச்சையாகத் துருவி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, அப்படியே கல்லில் பரப்பினோம். ஓரமெல்லாம் தண்ணீர் விட்டுக் கொதிக்கிறது, திருப்பியை அடியில் விட்டதும் நாலாக உடைந்தது. கிளறிவிட்டு, மிளகுத்தூள் தூவி, பொடிமாஸ் என்று பெயர் வைத்துத் தட்டில் போட்டேன். சின்னவன் யூகேஜி, அவனுக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். பெரியவள் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தப்பு எங்கே என்று யோசித்தால் விஷயம் சின்னதுதான். கோதுமை மாவைப் பிசையும்போது ஜவ்வு மாதிரி இழுபடுமே, அந்தக் குளூட்டன்தான் சப்பாத்தியைப் பிடித்துவைக்கிறது. காயில் அது இல்லை. அதோடு 100 கிராம் காலிஃபிளவரில் 92 கிராம் தண்ணீர். இரண்டு முட்டை பாவம் எவ்வளவுதான் தாங்கும்?

மறுநாள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நல்ல வெள்ளையாக ஒரு பூ வாங்கி வந்தேன். வெந்நீரில் உப்பும் மஞ்சளும் போட்டுப் புழு பார்க்கும் வேலை பெரியவளுக்கு. (ஒன்று கிடைத்தது. அரை மணி நேரம் அதற்கே போய்விட்டது.) மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்கு எடுத்து, இட்லிப் பானையில் துணி போட்டு 8 நிமிடம் ஆவியில் வைத்து, நன்றாக ஆறவிட்டோம். ஆறாமல் தொட்டால் கை வெந்துவிடும், அந்த அவசரம் எனக்கு இருந்தது, பட்டுக்கொண்டேன். அப்புறம் மூட்டையாகக் கட்டி இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், ஈர வேட்டியைப் பிழிவது மாதிரி எதிரெதிராக முறுக்கினார்கள். முதலில் சொட்டு, அப்புறம் கோடாக ஒழுகியது, சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தே இழுக்கிறான், முகம் சிவந்துவிட்டது. "போதும்டா" என்றால் கேட்கவில்லை. பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், துணிக்குள் ஒரு தேங்காய் மூடி அளவுக்கு உருண்டை, அவ்வளவுதான் மிஞ்சியது. இந்தச் சமையலில் கஷ்டமான வேலை இது ஒன்றுதான், அதையும் பிள்ளைகள் விளையாட்டாக முடித்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரை அம்மா கொட்டவிடவில்லை, ரசத்துக்குப் போயிற்று.

உருண்டையில் இரண்டு முட்டை, உப்பு, சீரகம். எண்ணெய் தடவிய வாழை இலையில் போளி தட்டுகிற மாதிரி உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்தால் சூட்டில் இலை தானாக விட்டுவரும். இந்த யோசனை அம்மாவுடையது, வீடியோவில் கிடையாது. சிறு தீயில் ஒரு பக்கம் 4 நிமிடம், மறுபக்கம் 3. ஆறு வந்தது. சுடச்சுட அடுக்கித் துணியில் மூடிவைத்தால் மடிக்கும்போது விரிசல் விடாது.

உள்ளே வைக்க முள்ளு கத்தரிக்காய். நம்ம ஊர் இலவம்பாடி காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதையும் துருவிப் பிழியலாமா என்று சின்னவன் கேட்டதற்கு அம்மா அடிக்காத குறைதான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைப்போமே, எள்ளும் வேர்க்கடலையும் அரைத்து விட்டு, புளி ஊற்றிச் சுண்டவைத்த கத்தரிக்காய், அதை நடுவில் வைத்து மடித்தோம். நன்றாகவே இருந்தது. பிரியாணிக்குப் பக்கத்தில் வராது, அது வேறு கதை.

பாலக் கீரைதான் ரொம்பச் சுலபம், இரண்டு கைப்பிடி கீரையும் இரண்டு முட்டையும் மிக்ஸியில் அடித்து நான்ஸ்டிக்கில் ஊற்றினால் முடிந்தது, பிழியவே வேண்டாம். அதனாலேயே பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. சுரைக்காய்க்கு உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பிழிய வேண்டும், அப்போதும் கொஞ்சம் தொளதொளதான். சனிக்கிழமை வீட்டில் முட்டை கிடையாது என்பதால் இரண்டு ஸ்பூன் இசப்கோல் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டேன், அது தண்ணீரை உறிஞ்சிப் பசை மாதிரி பிடித்துக்கொண்டது. டப்பாவைப் பார்த்த அம்மா, "இது வெளிக்குப் போறதுக்குக் குடிக்கிறதாச்சே!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட வரவில்லை.

நேற்று கேரட்டோடு பீட்ரூட்டும் சேர்த்துப் பிழிந்தார்கள். ரொட்டி அழகாக வந்தது. பிழிந்த துணி, மாவிளக்குக்கு அரிசி உலர்த்த என்று அம்மா தனியாக எடுத்துவைத்திருந்த வெள்ளைத் துணியாம், பெரியவள் இன்று காலைதான் சொல்கிறாள். மூன்று தடவை சோப்புப் போட்டாயிற்று. ரோஜா கலரில் மொட்டைமாடிக் கொடியில் காய்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார்.