தெலுக் பகாங் ஹோம்ஸ்டே: 1,200 ரிங்கிட்டில் 1,120 திரும்பியது

மழையைக் காரணம் காட்டிக் கேட்டால் பணம் திரும்ப வராது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சம். வீட்டில் தங்கவே முடியாத நிலை என்று காகிதத்தில் காட்டினால்தான் பேச்சே தொடங்குகிறது.

தீபாவளி விடுமுறைக்குப் பினாங்குத் தீவின் தெலுக் பகாங்கில் முழு வீடு, இரண்டு இரவு. வாடகை 900, டெபாசிட் 300. வாட்ஸ்அப்பில் பேசி, டூயிட்நவ் வங்கிப் பரிமாற்றத்தில் பணமும் போயாயிற்று. கோலாலம்பூரிலிருந்து கிளம்ப வேண்டிய காலையில் அங்கே மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, பத்து ஃபிரிங்கி வழியாகப் போகும் சாலையில் மண்சரிவு. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வீட்டுக்கார அக்காவின் பதில்: "தம்பி, மழைய நானா வரவச்சேன்? நோ ரிஃபண்ட்னு மொதல்லயே சொல்லியாச்சுலா. நவம்பர்ல மழை பெய்யும்னு தெரியாதா?"

கடைசிக் கேள்வியில்தான் சிக்கல். 2017 நவம்பர் 4, 5 வெள்ளத்தைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எதிர்பார்க்கக்கூடிய மழை என்று எதிர்த்தரப்பு சொன்னால், மழையை வைத்து வாதாடுவது வீண். தங்குமிடப் பதிவுத் தளமான ஏர்பிஎன்பி 2024 ஜூன் 6 முதல் நடைமுறைப்படுத்திய கொள்கையும் இதே கோட்டில்தான் போகிறது: அந்த இடத்தில், அந்தப் பருவத்தில் வழக்கமாக வரும் வானிலை மட்டும் போதாது, அதனால் கட்டாய வெளியேற்றமோ, பெரிய அளவில் மின்சாரம், தண்ணீர் துண்டிப்போ வந்திருக்க வேண்டும். தளம் வழியாகப் பதிவு செய்தவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அவசரப்பட்டு நீங்களே 'ரத்து' பொத்தானைத் தட்டினால் சாதாரண ரத்து விதிக்குள் போய் விழுவீர்கள். வாடிக்கையாளர் சேவையிடம் பேசி, என்ன காரணத்துக்காக ரத்து என்று பதிவான பிறகு தட்டுங்கள்.

நேரடியாகப் பதிவு செய்தால் அந்தக் கதவும் கிடையாது. ஆதாரத்தை நாமேதான் சேர்க்க வேண்டும். நான் முதலில் கோட்டை விட்டது அங்கேதான். வானிலைத் துறையான மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். எந்த மாவட்டத்துக்கு என்றும் அதிலேயே இருக்கும். பத்து ஃபிரிங்கி 'தீமூர் லாவுட்' (வடகிழக்கு) மாவட்டம். அதைத் தாண்டினால் வரும் தெலுக் பகாங்கோ 'பாராட் டாயா' (தென்மேற்கு). கையில் இருந்த ஸ்கிரீன்ஷாட் தீமூர் லாவுட்டுக்கானது. சரியானதைத் தேடிப் போவதற்குள் பக்கத்தில் புது எச்சரிக்கை ஏறி, பழையது போய்விட்டது. வீடு எந்த மாவட்டம் என்று முதலில் பாருங்கள். வெளியிட்ட நேரமும் தெரியும்படி அப்போதே படம் எடுத்து வையுங்கள்.

காப்பாற்றியது ஒரு வாய்ஸ் மெசேஜ். "கரண்ட் இல்ல, தண்ணி சாயங்காலம் வரலாம், வந்து அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று அந்த அக்காவே பேசி அனுப்பியிருந்தார். ஆனால் வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்தால் குரல் வராது, கோப்பின் பெயர் மட்டும்தான் வரும். அதனால் எழுத்தில் திருப்பிக் கேட்டேன்: "வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் இல்லை என்கிறீர்கள், சரிதானே அக்கா?" பதில்: "ஆமா". அந்த ஒரு சொல்தான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அடுத்து வந்தது வவுச்சர்: ஆறு மாதத்துக்குள் வேறு தேதி, வார நாள் மட்டும். "சரி பார்ப்போம்" என்றுகூட எழுதாதீர்கள். மாற்றுத் தேதிக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பிறகு 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவு: நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். 66ஆம் பிரிவு: அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, வாங்கியவர் ஏற்கெனவே செய்த செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஆகவே ஒரு சென் விடாமல் கேட்டு முரண்டு பிடிப்பதில் பயனில்லை. வாடகையையும் டெபாசிட்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். டெபாசிட் என்பது பொருள் சேதத்துக்கு. உள்ளேயே போகாதவர் எதை உடைத்தார்? 300 ரிங்கிட்டைப் பிடித்து வைக்க எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

கெடு முடிந்தும் பதில் இல்லை. அடுத்த படி மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வக்கீல் வேண்டாம். 1ஆம் பாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு போன முதல் நடை வீண், தவறு என்னுடையதுதான். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் வாட்ஸ்அப்பில் இருந்த ஹோம்ஸ்டே பெயரைத்தான் எழுதியிருந்தேன். அந்தப் பெயருக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது? டூயிட்நவ் ரசீதில் கணக்குக்காரரின் முழுப் பெயர் இருந்தது. ஹோம்ஸ்டே பெயரை எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவில் கட்டணம் கட்டித் தேடியதில் உரிமையாளர் பெயரும் முகவரியும் கிடைத்தன. இரண்டு பெயரும் ஒன்றே. அதனால் இனிமேல் பணம் அனுப்புவதற்கு முன்பே இந்தத் தேடலைச் செய்துவிடுவதாக இருக்கிறேன்.

இரண்டாம் நடையில் பதிவு சுலபமாக முடிந்தது. நோட்டீஸ் கிடைத்தவருக்கு 2ஆம் பாரத்தில் பதில் சொல்ல 14 நாள். பதில் பாரமாக வரவில்லை, போனாக வந்தது: "என்ன தம்பி, இதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?" துப்புரவுக்கு ஆள் வந்து போன 80 ரிங்கிட்டைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். ஒத்துக்கொண்டேன்.

உடனே வாபஸ் வாங்கச் சொன்னார், பணம் அனுப்பியாயிற்று என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அது நாளைய தேதிக்குப் போட்டு வைத்த பரிமாற்றம், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். மறுநாள் 1,120 கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.