பெரியம்மாவின் உள்பாவாடை

அதே பழைய உள்பாவாடைகள்தான், இப்போது தரையைத் தொடுகின்றன. "வயசானா குறுகத்தான் செய்யும்" என்கிறார் பெரியம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. முதுகெலும்பு வலியே இல்லாமல் நொறுங்கி அமுங்கினாலும் உயரம் குறையும்.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது, எலும்பு வேகமாகக் கரைகிறது. முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு அதிகம். குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தால், மாவுக்கட்டோடு விட்டுவிடாதீர்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதில் அடர்த்தியைக் காட்டும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். அதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன, வெறும் கால்சியம் மாத்திரை போதாது.

சாப்பாட்டில் கேழ்வரகு, எள், தயிர், முருங்கைக்கீரை எல்லாம் சேரட்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1200 மி.கி. கால்சியம் தேவை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் அந்தக் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. அப்புறம், தினமும் நடை.

முப்பதுகளிலேயே கர்ப்பப்பையோடு, ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட அக்கா, தங்கச்சிகளே, உங்களுக்கு இந்த இழப்பு அப்போதே தொடங்கிவிடுகிறது. ஐம்பது வயது வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள்.