கூலி போட இன்னும் இரண்டு நாள்

அரசுக் கல்லூரியில் தமிழ் எடுக்க வந்த நாளிலிருந்து புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த சின்னக் கதை. அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரப் புருஷன் பால் கஞ்சி கேட்கிறான். மில்லில் கூலி வேலை பார்க்கும் அம்மாளு இருட்டுச் சந்துக்குள் ஒருவனோடு போய் முக்கால் ரூபாயோடு வருகிறாள். வகுப்பில் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடும்: அவள் செய்தது சரியா, தப்பா? நானும் அகலிகையை இழுத்து, கண்ணகியை இழுத்து, மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன். தேர்வுக்கும் அதுதான் வரும்.

கோவைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். அங்கே இதே கதையை வாசித்தேன். பதினைந்து பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் பேப்பர் படிக்க வந்து மாட்டிக்கொண்டவர்கள். முடித்ததும் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கேட்டார்: “கூலி போட ரெண்டு நாள்தானுங்களே இருக்குது? அந்தம்மா அட்வான்ஸ் கேட்டுப் பாக்கலீங்களா?”

புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. கூலிக்கு இன்னும் இரண்டு நாள் என்று ஒரே ஒரு வரி. இத்தனை வருடமும் அதைத் தாண்டிக் குதித்துச் சந்துக்குள் போயிருக்கிறேன். அம்மாளுவை விசாரித்த நாங்கள் யாரும் மில்லை விசாரித்ததில்லை.

அந்தக் கேள்வியை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். ஐஎஸ்எஸ்என் என்ற, இதழ்களுக்குத் தரப்படும் அடையாள எண் உள்ள இதழில் வந்தது. பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கு மதிப்பெண் உண்டு. நூலகத்து ஞாயிற்றுக்கிழமைகளை எழுத அதில் உருப்படியான கட்டம் இல்லை. கட்டுரையில் அந்த அக்கா ‘ஒரு வாசகர்’ ஆகியிருந்தார். அச்சில் பார்த்தபோதுதான் உறுத்தியது. அறம் பற்றிப் பாடம் நடத்துகிறவன், அடுத்தவர் கேள்வியைத் தன் கண்டுபிடிப்புபோல எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இரண்டு மூன்று நாள் தூக்கம் சரியில்லை.

அடுத்த கூட்டத்துக்கு இதழை எடுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போனேன். அவர் அந்தப் பத்தியை விரல் வைத்துப் படித்தார்.

“எம் பேரு இல்லீங்களே?”

“இல்லீங்க அக்கா. அதுதான்…”

“மில்லுப் பேரு?”

“அதுவும் இல்லீங்க.”

“அப்பச் சரிங்க சார்” என்று இதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.