பழைய டீசல் பிக்கப்பில் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர்?

மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவது) என்றதும் டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவதுதான் வீண் செலவு. முதலில் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பிறகு காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடியுங்கள். பாதி மிஸ்ஸிங் இங்கேயே போய்விடும்.

போகவில்லையா? வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வரும் பைப்பின் நட்டை (பெரும்பாலும் 17 ஸ்பேனர்) ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, மீண்டும் இறுக்குங்கள். நல்ல சிலிண்டரில் இன்ஜின் உடனே தடுமாறும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நட்டின் மேல் துணி சுற்றுங்கள், கையை வைக்காதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டியில் பிரஷர் 1,000 பாரைத் தாண்டும், தொடவே கூடாது.

அடுத்து, அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் நாசில் (இன்ஜெக்டர் முனை) கோளாறு. பழைய இடத்திலேயே நின்றால் வால்வு இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) பாருங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். அதுவும் சரியென்றால் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, சிலிண்டர் அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

இன்ஜெக்டருக்கு அடியில் காப்பர் வாஷரைப் புதிதாகப் போடும்போது, பழையது குழிக்குள் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசில் மேலேறி, ஸ்ப்ரே தப்பான இடத்தில் விழும். புதுப் புகை, புதுத் தலைவலி!